கராஜ் மின்னுகிறது, மூச்சு விடுகிறதா?

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜெலுத்தோங், குளுகோர், பாயான் லெப்பாஸ் பக்கத்துத் தாமான்களில் ஒரு சுற்று நடந்து பாருங்கள். ஏதாவது ஒரு வரிசை வீட்டின் முன்புறத்தில், துடைத்துப் பளபளக்கும் ஒரு பழைய கப்சாயோ ஆர்.எக்ஸ்.இசட்டோ நிற்கும். பக்கத்துச் சுவரில் ஸ்பேனர்கள் அளவு வாரியாகத் தொங்கும். தரையில் சாம்பல் நிற எபோக்சி பூச்சு, மேலே வெள்ளை எல்.இ.டி. விளக்கு. வண்டியைக் காட்டிப் பெருமைப்பட்ட காலம் போய், வண்டி நிற்கும் இடத்தையே காட்டிப் பெருமைப்படும் காலம் இது.

அடுத்து என்ன செய்யலாம் என்று கேட்டால், பலரும் சொல்லும் பதில் ஒன்றுதான்: முன்பக்கம் சுருள் கதவு போட்டு அடைத்துவிட வேண்டும். மழைச்சாரல் வராது, தூசி வராது, திருட்டுப் பயமும் இல்லை. ஆனால், பினாங்கின் காற்றைப் பற்றியும் இயந்திரத்தின் புகையைப் பற்றியும் கொஞ்சம் கணக்குப் போட்டால், இந்த மேம்பாட்டைப் பற்றி இரண்டு முறை யோசிக்கத் தோன்றும். வாருங்கள், போட்டுப் பார்ப்போம்.

உப்பும் ஈரமும்

இரும்பு துருப்பிடிக்க இரண்டு பொருள்கள் தேவை: ஆக்சிஜன், நீர். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் துரு இல்லை. நீர் என்றால் மழை மட்டுமல்ல. காற்றின் ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 60 விழுக்காட்டைத் தாண்டினாலே, இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நீர்ப்படலம் உருவாகி அரிப்பு வேகமெடுக்கத் தொடங்கும். பினாங்கில் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது.

தீவைச் சுற்றிக் கடல் இருப்பதால் இன்னொரு சிக்கலும் உண்டு. அலைத்துளிகள் ஆவியாகும்போது மிச்சமாகும் நுண்ணிய உப்புத்துகள்கள் காற்றோடு வந்து வண்டியின் மேல் படிகின்றன. சமையல் உப்புக்கு ஒரு குணம் இருக்கிறது. ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டினால், அது காற்றிலுள்ள நீரை உறிஞ்சித் தானே கரைந்துவிடும். மழைக்காலத்தில் அடுப்படி உப்பு ஜாடி கசிவதைப் பார்த்திருப்பீர்களே, அதேதான். ஆகவே ஜார்ஜ்டவுன் கடலோரத்தில் நிற்கும் வண்டியின் மேல், மழை பெய்யாத இரவிலும் உப்புநீர்ப் பூச்சு இருக்கலாம். உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். துருப்பிடித்தல் ஒரு மின்வேதி வினை என்பதால், அது இன்னும் வேகமாக நடக்கும்.

பனித்துளியையும் மறக்கக்கூடாது. காற்று 28 டிகிரி செல்சியஸிலும் ஈரப்பதம் 85 விழுக்காட்டிலும் இருந்தால், பனிநிலை ஏறக்குறைய 25 டிகிரி. அதாவது காற்றைவிட மூன்று டிகிரி மட்டும் குளிர்ந்த உலோகத்தின் மேலும் நீர் படியும். இரவு முழுக்கக் குளிர்ந்த கனமான இயந்திரம், காலையில் காற்று சூடாகும்போது அதே வேகத்தில் சூடாவதில்லை. அப்போதுதான் அது வியர்க்கிறது.

இப்போது சுருள் கதவுக்கு வருவோம். மழையில் நனைந்து வந்த வண்டியை உள்ளே விட்டுக் கதவை இழுத்து மூடினால், அதிலிருந்து ஆவியாகும் நீர் எங்கே போகும்? உள்ளேயேதான் இருக்கும். நனைந்த வண்டியின் மேல் பிளாஸ்டிக் உறை போடுவதும் இதே தவறுதான். அதைவிட, நல்ல நீரில் கழுவி உப்பை நீக்கி, துடைத்து, காற்றோட்டத்தில் உலரவிட்டு, செயினுக்கு எண்ணெய் பூசுவது நல்லது. எண்ணெய்ப் படலம் நீரையும் ஆக்சிஜனையும் இரும்பிடம் நெருங்கவிடாது.

கண்ணுக்குத் தெரியாத வாயு

துரு வண்டியைத்தான் கெடுக்கும். அடுத்தது உயிரையே எடுக்கும்.

அடைத்த முன்புறம் 3 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம், 2.7 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். கொள்ளளவு சுமார் 40 கன மீட்டர், அதாவது 40,000 லிட்டர். உள்ளே 150 சிசி நான்கு வீச்சு இயந்திரம் ஒன்று, நிமிடத்துக்கு 1,500 சுற்றில் சும்மா ஓடுகிறது. இரண்டு சுற்றுக்கு ஒரு முறை அது காற்றை உள்ளிழுக்கும். எனவே நிமிடத்துக்கு 750 முறை. உருளை முழுதும் நிரம்பினால் 112 லிட்டர். த்ராட்டில் ஏறக்குறைய மூடியிருப்பதால் மூன்றில் ஒரு பங்கு, சுமார் 37 லிட்டர் என்று கொள்வோம். பழைய கார்புரேட்டர் வண்டியின் புகையில் 3 விழுக்காடு கார்பன் மோனாக்சைடு இருந்தால், நிமிடத்துக்கு 1.1 லிட்டர் வெளிவரும்.

பத்து நிமிடத்தில் 11 லிட்டர். அதை 40,000 லிட்டர் காற்றில் கலந்தால், பத்து லட்சத்தில் சுமார் 275 பங்கு. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல்படி, ஒரு மணி நேரச் சராசரி ஏறக்குறைய 30 பங்கைத் தாண்டக்கூடாது. நம் கராஜ் அந்த அளவை ஒரு நிமிடத்துக்குச் சற்று மேலேயே எட்டிவிடுகிறது. அரை மணி நேரம் ஓடினால் 800ஐத் தாண்டும். தலைவலி, மயக்கம், பிறகு நினைவிழப்பு என்று போகும் அளவு அது.

இந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான வலிமையோடு ஒட்டிக்கொள்ளும். புதிய வண்டிகளில் வினையூக்கி மாற்றி இருக்கிறதே என்பீர்கள். அது சூடான பிறகுதான் சரியாக வேலை செய்யும்; நாம் கராஜில் கிளப்புவதோ குளிர்ந்த இயந்திரத்தை. எனவே விதி ஒன்றுதான்: இயந்திரத்தை ஓட்டிப் பார்க்க வேண்டுமானால், வண்டியை வெளியே தள்ளிக்கொண்டு போங்கள்.

தரையில் ஊரும் ஆவி

செயினைக் கழுவ ஒரு கிண்ணம் பெட்ரோல் எடுப்பது பலருக்குப் பழக்கம். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனமானது. அது தண்ணீர் போலத் தரையில் பரவும். காற்றில் 1.4 விழுக்காடு இருந்தாலே தீப்பற்றும். நம் கராஜின் தரையிலிருந்து 10 சென்டிமீட்டர் உயரம் வரையுள்ள காற்று 1,500 லிட்டர். அதில் 1.4 விழுக்காடு 21 லிட்டர் ஆவி. அதற்குத் தேவை ஏறக்குறைய 120 மில்லிலிட்டர் பெட்ரோல். ஒரு சிறிய தேநீர்க் கோப்பை அளவு!

வாசற்படியில் ஏற்றிய அகல்விளக்கும், பக்கத்து வீட்டில் தரையோடு வைத்த பூஜை மாடத்து ஊதுபத்தியும் அந்த உயரத்தில்தான் இருக்கின்றன. பெட்ரோல் ஏறத்தாழ உறைநிலைக்குக் கீழே 40 டிகிரியிலேயே தீப்பற்றும் ஆவியைத் தரும். மண்ணெண்ணெய்க்கு அது 38 டிகிரிக்கு மேல். செயின் கழுவ மண்ணெண்ணெய் போதும். அதையும் திறந்த வெளியில், நெருப்புக்குத் தள்ளி வைத்தே செய்ய வேண்டும்.

பழைய வீட்டின் பாடம்

2008இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகளைப் பாருங்கள். குறுகிய முகப்பு, நீண்ட உடல், நடுவில் வானம் பார்த்த முற்றம், சன்னலுக்கு மேலே காற்றுத் துளைகள். சூடான காற்று முற்றத்தின் வழியே மேலே போக, முன்புறத்திலிருந்து புதுக்காற்று உள்ளே வரும். கராஜுக்கும் அதே பாடம்தான். சுருள் கதவு போடுவதானால், துளையிட்ட கதவாகத் தேர்ந்தெடுங்கள். கனமான பெட்ரோல் ஆவி வெளியேறத் தரையை ஒட்டி ஒரு திறப்பும், சூடான ஈரக்காற்று வெளியேறக் கூரையை ஒட்டி ஒரு திறப்பும், எதிரெதிர்ச் சுவர்களில் வையுங்கள். எபோக்சி தரை அழகுக்கு மட்டுமல்ல. சிந்தியதை உறிஞ்சாததால் உடனே துடைத்துவிடலாம். ஈரமானால் வழுக்கும் என்பதை மட்டும் மறவாதீர்கள்.

செய்து பாருங்கள்

ஒரே மாதிரியான நான்கு இரும்பு ஆணிகளை எடுத்து உப்புத்தாளால் தேய்த்துக்கொள்ளுங்கள். முதல் ஆணியை நல்ல நீரில் நனைத்துக் காற்றில் வையுங்கள். இரண்டாவதை நனைத்து, பிளாஸ்டிக் பையில் காற்றோடு சேர்த்துக் கட்டுங்கள். மூன்றாவதை உப்புநீரில் நனைத்து அதேபோல் கட்டுங்கள். நான்காவதற்கு எண்ணெய் பூசி, உப்புநீரில் நனைத்துக் கட்டுங்கள். ஏழு நாள்கள் தினமும் படமெடுத்து ஒப்பிடுங்கள்.

யோசியுங்கள்

1. உங்கள் வீட்டு முன்புறத்தின் கொள்ளளவு என்ன? மேலே உள்ள இயந்திரம் அதில் ஐந்து நிமிடம் ஓடினால் கார்பன் மோனாக்சைடின் அளவு என்னவாகும்?

2. கூரையை ஒட்டி மட்டும் காற்றுத் துளை வைத்தால் பெட்ரோல் ஆவி வெளியேறுமா? ஏன்?

3. பாதி காலியான பெட்ரோல் தொட்டியின் உட்புறம், வண்டியை எடுக்காமலே வைத்திருக்கும்போது எப்படித் துருப்பிடிக்கிறது?

விடை கண்டவுடன், கராஜ் வைத்திருக்கும் அண்ணனிடமோ மாமாவிடமோ அதைக் காட்டுங்கள். சுவரில் தொங்கும் ஸ்பேனர்களைவிட உங்கள் கணக்கு அவருக்கு அதிகம் உதவும்.