கண் மறைந்த பொன்மீனைப் பராமரித்தல்

காணியையும் தொழுவத்தையும் விட்டு வந்த குடும்பங்களுக்கு ஆடு மாடு கட்ட இடமில்லை. ஆயினும் வீட்டோரத்தில் ஒரு சீமெந்துத் தொட்டி வைக்க இடம் கிடைக்கும். கம்பளைப் பகுதியில் பொன்மீன் வளர்ப்போருக்கு ஓர் அனுகூலமும் உண்டு. பொன்மீன் குளிர்ந்த நீரை விரும்பும் மீன். கொழும்பின் வெக்கை இங்கே இல்லை. இந்தத் துணிவில் ஒறண்டா, சிங்கத்தலை, றஞ்சு முதலிய விலை கூடிய இனங்களையும் வாங்கிவிடுகிறோம். வளர வளர இவற்றின் தலைச்சதை தடித்துக் கண்ணை மூடிவிடுகிறது. மீன் மெலிகிறது. "இதற்கு ஏதோ வருத்தம், இனிப் பிழைக்காது" என்று ஒதுக்கிவிடுகிறோம். அப்படி ஒதுக்கப்படும் மீன்களில் பல நோயினால் அல்ல, பசியினாலேயே மெலிகின்றன.

அந்தச் சதை என்ன? அது கட்டி அல்ல. எலும்பும் அதில் இல்லை. தோல் தடித்து மடிப்பு மடிப்பாக வளர்வதே அது. சீனாவில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய பொன்மீன் வளர்ப்பில், மனிதர் அழகென்று கருதியவற்றைத் தெரிந்து தெரிந்து இனம்பெருக்கியதால் வந்த உறுப்பு. பிதுங்கிய கண்ணுடைய மீனும், கண்ணுக்குக் கீழே நீர்ப்பை தொங்கும் குமிழ்க்கண் மீனும் இவ்வாறே உண்டாயின. அவற்றுக்கும் பார்வை குறைவுதான். மனிதன் செய்த குறை என்பதால் அதனைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் மனிதனுக்கே என்பது நமது அபிப்பிராயம்.

மீனுக்குப் பார்வை உண்டா என்று சோதிக்கக் கண்ணாடியைத் தட்டக் கூடாது. அதிர்வை மீன் உடலால் உணர்ந்து ஓடும். நாம் கண் தெரிகிறதென்று ஏமாறுவோம். சத்தமின்றி விரலை மெதுவாக அசைத்துப் பாருங்கள். இரண்டு பக்கத்திலும் பார்க்க வேண்டும், ஏனெனில் ஒரு கண் மட்டும் மறைந்திருக்கலாம்.

கண் தெரியாத மீன் மணத்தைக் கொண்டும் நீரின் அசைவைக் கொண்டும் இரையைத் தேடும். ஆனால் அதற்கு நேரம் வேண்டும். வால் நீண்ட சாதாரண பொன்மீன்கள் அதற்குள் எல்லாவற்றையும் விழுங்கிவிடும். ஆகவே முதல் வேலை இவற்றைப் பிரிப்பது. வேறு தொட்டி இல்லையென்றால், தொட்டியின் ஒரு பகுதியை வலையால் மறித்தாலும் போதும். மிதக்கும் தீனியை விட்டு, அமிழும் தீனியை வாங்குங்கள். நாள்தோறும் ஒரே நேரத்தில், ஒரே மூலையில், ஒரு மண் தட்டின் மேல் அதனை இடுங்கள். நாட்பட மீன் அந்த இடத்தைப் பழகிக்கொள்ளும். சிலவேளை தீனியை விரலில் பிடித்து வாயருகே கொண்டுபோக நேரிடும். பிள்ளைகள் இதனை ஆசையோடு செய்வார்கள். தோல் நீக்கி அவித்த பட்டாணியும் நல்லது. நுளம்புக் குடம்பியை மீன் விரும்பி உண்ணும். அதற்காக வாளியில் நீரைத் தேக்கி நுளம்பு வளர்த்து வீட்டுக்கு டெங்கு கொண்டுவர வேண்டாம்! பொன்மீனுக்கு இரைப்பை இல்லை. ஆகையால் சிறிது சிறிதாக, இரண்டு மூன்று தடவை கொடுப்பதே முறை. புரதம் மிகுந்த தீனியை அள்ளிக் கொடுத்தால் தலைச்சதையும் வேகமாக வளரும்.

தொட்டியில் கூரான கல், சிப்பி, உடைந்த ஓடு எதுவும் இருக்கக் கூடாது. நீர் உறிஞ்சும் குழாயின் வாயில் மெல்லிய வலை கட்டுங்கள், முக்கியமாகக் குமிழ்க்கண் மீன் இருந்தால். பொருட்களை அடிக்கடி இடம் மாற்றாதீர்கள்.

தலைச்சதையின் மடிப்புகளில் அழுக்குத் தங்கும். ஒரு மீனுக்கு 40 லீற்றருக்குக் குறையாத நீர் வேண்டும். வாரந்தோறும் அதில் காற்பங்கை மாற்ற வேண்டும். குழாய் நீரை அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் பெரும்பாலும் நீங்கும். புதுச் சீமெந்துத் தொட்டியைப் பல தடவை நிரப்பி இறைத்துச் சுண்ணாம்பைப் போக்காமல் மீன் விடாதீர்கள். இரண்டு கண்ணும் ஒரேயடியாகப் புகைபோல் மங்கினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது நீரை. சதையின் மேல் பஞ்சு போல வெள்ளை படர்ந்தால் அது பூஞ்சணமாக இருக்கலாம். மீனை வேறாக்கி, 10 லீற்றர் நீருக்கு 20 கிராம் உப்பைக் கரைத்துச் சில நாள் வைத்திருக்கலாம். ஆண் மீனின் செவுள் மூடியில் இனப்பெருக்கக் காலத்தில் தோன்றும் சிறு வெள்ளைப் புள்ளிகள் நோயல்ல.

இனிக் கத்தரிக்கோல் விஷயம். கண்ணை மூடிய சதையை வெட்டிவிடுவோர் உண்டு. வீட்டில் இதனைச் செய்ய வேண்டாம். துள்ளும் மீனில் கை தவறினால் கண்ணே போய்விடும், இரத்தமும் பெருகும், வெட்டிய காயத்தில் பூஞ்சணமும் பிடிக்கும். தப்பினாலும் சதை மீண்டும் வளரும். 2014இல் அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ண் நகரில் ஒரு பொன்மீனின் தலையிலிருந்த கட்டியை மிருக வைத்தியர் அகற்றியபோது, மயக்க மருந்து கலந்த நீரில் மீனை வைத்தே செய்தார். அங்கே அது உண்மையான கட்டி. ஆயினும் மீனுக்கும் மயக்கம் கொடுத்தே கத்தி வைக்க வேண்டும் என்பதை நாம் கவனிக்கலாம். வெட்டியே தீரவேண்டிய நிலை வந்தால் நமக்குப் பேராதனை தூரமல்ல. அங்குள்ள பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தில் விசாரியுங்கள். போகுமுன் மீனின் விலையையும் பஸ் செலவையும் கூட்டிப் பார்ப்பது குற்றமல்ல. தட்டில் தீனி எடுக்கப் பழகிய மீனுக்கு வைத்தியமே தேவைப்படாமலும் போகலாம்.

பார்வையிழந்த மீனை மகாவலியில் விடுவது இரக்கமல்ல. ஆற்றில் அது இரை தேடாது, இரையாகும். விற்பதானால் குறையைச் சொல்லி விற்க வேண்டும். குஞ்சு வாங்கும்போது தலை மிகப் பெரிதாக உள்ளதைத் தேடாமல், கண்ணைச் சுற்றி இடைவெளி உள்ளதைப் பாருங்கள். இனம்பெருக்கவும் அத்தகைய மீனையே வையுங்கள்.

அடுத்த குழுக் கூட்டத்துக்கு முன் ஒவ்வொரு குடும்பமும் ஏழு நாட்கள் தீனி இடும்போது அருகில் நின்று, எந்த மீன் கடைசியாக உண்கிறது, எது உண்ணாமலே போகிறது என்று குறித்து வாருங்கள்.