ஒரு நகரம், இரு பெயர்கள்

நுழையும்முன்

வானொலிப் பெட்டியைச் சுற்றிக் குடும்பமே அமர்ந்து செய்தி கேட்ட காலம் ஒன்று இருந்தது. இன்றோ, விரும்பிய உரையாடலை விரும்பிய நேரத்தில் கைப்பேசியில் கேட்கிறோம். இணையத்தின் வழியே ஒலிவடிவில் தொடராக வெளிவரும் இத்தகைய நிகழ்ச்சியை வலையொலி என்பர். பாட்காஸ்ட் என்று நீங்கள் அறிந்திருப்பது இதுவே. மக்கள் இரு பிரிவாகப் பிரிந்து வாழும் ஒரு நிலத்தில், அவ்விடத்து அரசியலை வலையொலியில் பேசுவோர் எத்துணைக் கவனத்துடன் பேசவேண்டியுள்ளது என்பதை இப்பாடத்தில் காண்போம்.

நிலமும் மக்களும்

ஐரோப்பாவின் மேற்கோரத்தில் உள்ளது அயர்லாந்துத் தீவு. அதன் பெரும்பகுதி அயர்லாந்துக் குடியரசு என்னும் தனிநாடாகும். வடகிழக்கிலுள்ள ஆறு மாவட்டங்கள் மட்டும் ஐக்கிய இராச்சியத்தைச் சேர்ந்தவை. இவ்வாறு மாவட்டங்களே வட அயர்லாந்து எனப்படும். அதன் தலைநகர் பெல்பாஸ்ட். மக்கள்தொகை ஏறத்தாழ 19 இலட்சம்.

17ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்திலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் புராட்டஸ்டண்ட் கிறித்தவர் பலர் இங்குக் குடியேற்றப்பட்டனர். முன்னரே வாழ்ந்து வந்தோர் கத்தோலிக்கர். 1921இல் தீவு பிரிக்கப்பட்டபோது வடபகுதி பிரிட்டனுடன் இருந்தது. அந்நிலையே தொடரவேண்டும் என்போர் ஒன்றியவாதிகள். அவர்களுள் பெரும்பாலோர் புராட்டஸ்டண்டுகள். தீவு முழுவதும் ஒரே நாடாகவேண்டும் என்போர் தேசியவாதிகள்; அவர்களுள் பெரும்பாலோர் கத்தோலிக்கர். ஆகவே, சமயத்தின் பெயரால் அறியப்படும் இப்பிரிவின் அடியில் 'நாம் எந்த நாட்டினர்?' என்னும் வினாவே உள்ளது.

வீடு, வேலை, வாக்குரிமை ஆகியவற்றில் தமக்குச் சமநீதி இல்லை எனக் கத்தோலிக்கர் 1960களில் போராடினர். அதன்பின் எழுந்த வன்முறை முப்பது ஆண்டுகள் நீடித்தது. ஏறத்தாழ 3,500 பேர் உயிரிழந்தனர். பெல்பாஸ்ட் நகரில் இரு பிரிவினரின் தெருக்களுக்கு இடையே 1969 முதல் சுவர்கள் எழுப்பப்பட்டன. அவற்றுள் பல இன்றும் நிற்கின்றன.

பெயரும் எழுத்தும்

வட அயர்லாந்தின் இரண்டாம் பெரிய நகருக்கு இரண்டு பெயர்கள் உண்டு. கருவாலி மரச்சோலை என்று பொருள்படும் ஐரிஷ் சொல்லிலிருந்து தோன்றியது 'டெரி' என்னும் பெயர். இலண்டன் வணிகக் குழுக்களின் பொருளுதவியால் குடியேற்றம் நடந்தமையால், 1613இல் அரச ஆணையின்படி அது 'லண்டன்டெரி' ஆயிற்று. தேசியவாதிகள் முன்னதையும், ஒன்றியவாதிகள் பின்னதையும் வழங்குகின்றனர். ஒருவர் ஊரின் பெயரைச் சொன்னவுடனே, அவர் எப்பக்கத்தவர் என்று கேட்பவர் முடிவுசெய்துவிடுவர்.

அப்படியானால், இரு பிரிவினருக்கும் பொதுவாகப் பேசவேண்டிய ஒலிபரப்பாளர் என் செய்வார்? இரு பெயர்களையும் சாய்கோடிட்டுச் சேர்த்து எழுதும் வழக்கம் அங்கு உண்டு. ஜெரி ஆண்டர்சன் என்னும் வானொலித் தொகுப்பாளர் அதனைக் கொண்டே 'சாய்கோட்டு நகரம்' என்று பொருள்படும் வேடிக்கைப் பெயரொன்றைச் சூட்டினார். இரு தரப்பாரும் சிரித்தனர், பெயரும் நிலைத்தது.

ஓர் எழுத்தும் பிரிவினையைக் காட்டும். ஆங்கில நெடுங்கணக்கின் எட்டாம் எழுத்தைப் புராட்டஸ்டண்டுகள் 'ஏய்ச்' என்றும், கத்தோலிக்கர் 'ஹேய்ச்' என்றும் ஒலிப்பர் என்பது அங்குப் பொதுவான நம்பிக்கை. 'வாழைப்பழம்' என்னும் சொல்லை ஒருவர் ஒலிக்கும் முறையைக் கொண்டு அவர் எவ்வூரார் என நம் வீட்டுப் பெரியோர் கண்டறிவதை நீங்கள் கேட்டிருக்கலாம். நமக்கு அது புன்னகைக்குரியது. பெல்பாஸ்டில் வன்முறை மிகுந்த நாள்களிலோ, தன் பேச்சால் எப்பக்கத்தவர் என அடையாளம் காணப்படுவதற்கு மக்கள் அஞ்சினர்.

தடைசெய்யப்பட்ட குரல்

1988 அக்டோபரில் பிரிட்டிஷ் அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. ஆயுதப் போராட்டத்துடன் தொடர்புடையனவாகக் கருதப்பட்ட சில அமைப்புகளின் சார்பில் பேசுவோரின் குரலை வானொலியிலும் தொலைக்காட்சியிலும் ஒலிக்கவிடலாகாது என்பதே அவ்வாணை. வன்முறையை ஆதரிப்போர் விளம்பரம் பெறுவதைத் தடுக்கவேண்டும் என்பது அரசு கூறிய காரணம். ஒரு தரப்பின் குரலை மறைத்தால் மக்கள் உண்மையை அறிவது எவ்வாறு என்று செய்தியாளர் வினவினர்.

விந்தை யாதெனில், அவர்களுடைய சொற்களுக்குத் தடை இல்லை. குரலுக்கு மட்டுமே தடை. எனவே தொலைக்காட்சி நிலையத்தார் நடிகர்களை அமர்த்தினர். திரையில் ஷின் பெயின் கட்சித் தலைவர் ஜெரி ஆடம்ஸ் வாயசைப்பார். அவர் கூறியதையே நடிகர் ஒருவர் தம் குரலில் கூறுவார். 1994 செப்டம்பரில் இத்தடை நீக்கப்பட்டது. அதற்கு நான்கு ஆண்டுகளுக்குள், குரல் மறுக்கப்பட்ட அக்கட்சியும் அமைதிப் பேச்சின் மேசையில் அமர்ந்திருந்தது.

ஒப்பந்தமும் ஆட்சியும்

1998 ஏப்ரல் 10, புனித வெள்ளியன்று, அமைதி ஒப்பந்தம் உருவாயிற்று. மே மாதம் நடந்த பொதுவாக்கெடுப்பில் வட அயர்லாந்து மக்களுள் வாக்களித்தோரில் 71 விழுக்காட்டினர் அதனை ஏற்றனர். ஒன்றியவாதியான டேவிட் டிரிம்பிளும், தேசியவாதியான ஜான் ஹியூமும் அவ்வாண்டின் அமைதிக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

ஒப்பந்தத்தின்படி ஒரு தரப்பு மட்டும் தனித்து ஆள இயலாது. முதல் அமைச்சர் ஒரு தரப்பினர். துணை முதல் அமைச்சர் மறு தரப்பினர். பெயரில் ஏற்றத்தாழ்வு தோன்றினும் இருவர்க்கும் அதிகாரம் சமமே. ஒருவர் பதவி விலகினால் மற்றவரும் பதவியில் நீடிக்க இயலாது. இம்முறை ஒருவரை ஒருவர் அடக்கியாளாமல் காக்கிறது. எனினும், இணக்கம் குலைந்தால் ஆட்சியே நின்றுவிடுகிறது. 2017 முதல் 2020 வரை மூன்று ஆண்டுகளும், 2022 முதல் 2024 வரை இரண்டு ஆண்டுகளும் அவ்வாறு நின்றது. 2024 பிப்ரவரியில் ஆட்சி மீண்டபோது, ஷின் பெயின் கட்சியின் மிஷேல் ஓ'நீல் முதல் அமைச்சரானார். அப்பதவியை அடைந்த முதல் தேசியவாதி அவரே. ஒன்றியவாதியான எம்மா லிட்டில் பெங்கெலி துணை முதல் அமைச்சரானார்.

கேள்வி என்னும் கலை

இன்று இவ்வரசியலை அலசும் வலையொலிகள் பல உள்ளன. இரு தரப்பாரையும் ஒரே ஒலிப்பதிவுக் கூடத்தில் அமர்த்தி உரையாடச் செய்வது அவற்றுள் சிறந்தவற்றின் இயல்பு. தொலைக்காட்சி விவாதத்தில் ஒருவர் பேசும்போதே மற்றவர் குறுக்கிடுவார், நேரமும் குறைவு. வலையொலியிலோ ஒருவர் தம் கருத்தையும், அக்கருத்துக்கு வந்த வழியையும் விரிவாகக் கூற இயலும். தந்தையை இழந்த கதையை ஒருவர் சொல்லும்போது கேட்பவர் முகத்தைப் பார்ப்பதில்லை. குரலின் நடுக்கத்தையே கேட்கிறார்.

ஆயினும் ஓர் இடர் உண்டு. வலையொலியைத் தேர்ந்தெடுப்பவர் கேட்பவரே. தம் கருத்துக்கு உடன்பட்ட குரல்களை மட்டுமே நாள்தோறும் கேட்டு வந்தால், மறு தரப்பை அறியும் வாய்ப்பு அவருக்கு இல்லாமற்போகும். முன்பு அரசின் ஆணை செய்ததை, இப்போது அவர் விரல்நுனியே செய்துவிடுகிறது.

தமிழில் 'கேள்வி' என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு: செவியால் கேட்டறிதல் ஒன்று, வினா மற்றொன்று. நல்ல தொகுப்பாளர் இரண்டையும் செய்கிறார். முழுவதும் கேட்கிறார், பின்னரே வினவுகிறார். ஒருவர் கூறுவதைப் பொறுமையுடன் கேட்பதால் நாம் அவருடன் உடன்பட்டுவிட்டோம் என்று பொருளாகாது. உடன்படாதவரோடும் ஒரே ஊரில் வாழவேண்டியுள்ளது என்பதை நாம் உணர்ந்துள்ளோம் என்பதே பொருள்.

மாணவர்களே! வீட்டில் ஒரு மொழியும், வகுப்பில் ஒரு மொழியும், விளையாட்டுத் திடலில் வேறொரு மொழியும் பேசி வளர்பவர் நீங்கள். ஒரே பொருளுக்கு இரு பெயர்கள் இருக்கக்கூடும் என்பதை யாரும் உங்களுக்குக் கற்பிக்கவேண்டியதில்லை. அவ்வறிவைப் பிறர் கருத்தைக் கேட்கும்போதும் பயன்படுத்துங்கள்.

சொல்லும் பொருளும்

வலையொலி – இணையவழி ஒலித்தொடர்
நெடுங்கணக்கு – எழுத்துகளின் வரிசை
விழுக்காடு – நூற்றுக்கு இத்தனை என்னும் அளவு
இணக்கம் – ஒத்துப்போதல்
இடர் – துன்பம், தடை

இலக்கணக் குறிப்பு

உயிரிழந்த மக்கள் – பெயரெச்சம்
உடன்படாத கருத்து – எதிர்மறைப் பெயரெச்சம்
கேட்டு மகிழ்ந்தார் – வினையெச்சம்

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை தருக.
1. ஒன்றியவாதிகள், தேசியவாதிகள் ஆகியோரின் நோக்கங்கள் யாவை?
2. 'டெரி' என்னும் பெயர் 'லண்டன்டெரி' ஆனது எவ்வாறு?
3. 1988ஆம் ஆண்டு ஆணை எதனைத் தடுத்தது? எதனைத் தடுக்கவில்லை?

ஆ. சுருக்கமாக விடை தருக.
1. வட அயர்லாந்தின் ஆட்சிமுறையில் உள்ள நன்மை ஒன்றையும் குறை ஒன்றையும் விளக்குக.
2. வன்முறையை ஆதரிப்போரின் குரலைத் தடைசெய்வது சரியா? அரசின் காரணத்தையும் செய்தியாளரின் வினாவையும் ஒப்பிட்டு உம் கருத்தை எழுதுக.

இ. செய்து பார்க்க.
உம் குடியிருப்பிலோ வகுப்பிலோ கருத்து வேறுபாடுள்ள செய்தி ஒன்றைத் தேர்ந்தெடுக்க. நீர் உடன்படாத தரப்பைச் சேர்ந்த ஒருவரிடம் ஐந்து நிமிடம் குறுக்கிடாமல் கேட்க. அவர் கூறியதை, 'ஆம், நான் சொன்னது இதுவே' என்று அவரே ஒப்புக்கொள்ளும் வகையில் பத்து வரிகளில் எழுதுக. அதன்பின் அவரிடம் கேட்க விரும்பும் வினா ஒன்றை அடியில் எழுதுக.