கேஸைத் திட்டினார்கள், தண்ணீரைப் பார்க்கவில்லை

கேஸ் (எல்.பி.ஜி.) வண்டி வழியில் நின்றால் எல்லோரும் கேஸைத்தான் குற்றம் சொல்வார்கள். மெக்கானிக் சொல்வார், மச்சினன் சொல்வான், பங்கில் காற்றுப் பிடிக்கிற பையன்கூடச் சொல்வான். என் வேகன்ஆர் ஒரு கோடை முழுக்க என்னை நடுரோட்டில் நிறுத்தியதற்குக் காரணம் கேஸ் இல்லை, தண்ணீர். அது தெரிவதற்குள், கேஸை ஆவியாக்குகிற ரெட்யூசர் என்ற பாகத்தைப் புதிதாக வாங்கிப் பணம் அழுதாகிவிட்டது.

வண்டி 2008 மாடல். 2006இல் மாருதியே கம்பெனி ஃபிட்டிங்காக கேஸோடு 'டுயோ' விட்டது; என்னுடையது அது இல்லை. பெட்ரோல் வண்டியாக வந்து, முதல் ஓனர் வெளியில் இத்தாலி கிட் ஏற்றியது. டிக்கியில் உருளை டேங்க், முன்னால் கேஸைக் காற்றோடு கலந்து அனுப்பும் மிக்ஸர் டைப். ஈரோட்டிலிருந்து கோவைக்கும் கரூருக்கும் துணி சாம்பிளைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவனுக்கு பெட்ரோல் கட்டுப்படியாகாது. கேஸில் மைலேஜ் கொஞ்சம் குறையும்தான், ஆனால் லிட்டர் விலையில் இருக்கும் வித்தியாசம் அதை ஈடுகட்டி மிச்சமும் வைக்கும். "கேஸ் வண்டி எதுக்குங்க மாமா, பேசாம வித்துப்போட்டு டீசல் வாங்குங்க" என்றான் மச்சினன். அவன் டீசல் வண்டிக்கு இன்ஜெக்டர் மாற்றிய பில்லை நான் பார்த்திருக்கிறேன். அதைப் பற்றி இங்கே வேண்டாம்.

முதலில் சில மாதம் ஒரு குறையும் இல்லை. பிறகு பெருந்துறை தாண்டி பைபாஸில் மிதிக்கும்போது வண்டி இழுக்காமல் திணறும், குலுங்கும், அப்படியே நின்றுவிடும். பெட்ரோலுக்கு ஸ்விட்சைப் போட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடும். அரை மணி ஓரம்கட்டி நிறுத்திவிட்டு மறுபடி கேஸுக்குப் போட்டால் அதுவும் ஓடும். பட்டறைக்குக் கொண்டுபோனால் கேட்கவே வேண்டாம், ஐட்லிங்கில் பஞ்சாக நிற்கும்.

கேஸ் மெக்கானிக் முதலில் ஃபில்டர் மாற்றினார். பிறகு பவர் ஸ்க்ரூவைத் திருகினார். பிறகு பங்கில் கேஸ் சரியில்லை என்றார். கடைசியில் ரெட்யூசரைக் காட்டி, "உள்ள டயாஃப்ரம் போயிருச்சுங்ணா, ரிப்பேர் கிட் போட்டாலும் நிக்காது, புதுசே போட்டுரலாம்" என்றார். ஏழாயிரத்துச் சொச்சம். மாட்டிக்கொண்டு கிளம்பினேன். அதே பைபாஸ், அதே திணறல்.

அன்றைக்கு பானெட்டைத் திறந்து பார்த்தேன். சித்திரை வெயில், கை வைக்க முடியாத சூட்டில் இன்ஜின். பக்கத்திலேயே புது ரெட்யூசர் மட்டும் வெள்ளையாக உறைபனி பூத்து உட்கார்ந்திருந்தது. நகத்தால் சுரண்டினால் துகளாக உதிர்ந்தது.

இதை விளங்கிக்கொள்ள மெக்கானிக்காக இருக்க வேண்டியதில்லை. டேங்கிலிருந்து முன்னால் வருவது வாயு இல்லை, திரவம். செப்புக் குழாய் வழியாக ரெட்யூசருக்கு வந்து, அங்கேதான் ஆவியாகிறது. ஏறக்குறைய 250 மடங்கு விரிகிறது. ஆவியாக வெப்பம் வேண்டும். அதைக் கொடுப்பது இன்ஜினைச் சுற்றி வரும் சுடுதண்ணீர். அதற்காகத்தான் கேஸ் லைன் தவிர இரண்டு ரப்பர் ஹோஸ் ரெட்யூசரில் மாட்டியிருக்கும்: ஒன்றில் தண்ணீர் உள்ளே, மற்றதில் வெளியே. அந்தத் தண்ணீர் ஓடாவிட்டால் ரெட்யூசர் உறையும், ஆவியாகாத கேஸ் திரவமாகவே மிக்ஸருக்குப் போய் இன்ஜினை அமுக்கிவிடும். ஐட்லிங்கில் இழுக்கிற கேஸ் கொஞ்சம், அதனால் உறைவதில்லை. பட்டறையில் நல்ல பிள்ளையாக நின்றது அதனால்தான். ஓரம்கட்டினால் பனி உருகும், மறுபடி ஓடும்.

கேஸ் மெக்கானிக்கிடம் திரும்பப் போகவில்லை. போனது ரேடியேட்டர் பட்டறைக்கு. அந்த மனிதருக்கு கேஸ் வேலை தெரியாது, தெரியாது என்று சொல்லவும் செய்தார். இன்ஜினைச் சூடேற்றிவிட்டு ரெட்யூசருக்குப் போகும் இரண்டு ஹோஸையும் தொட்டார். "ஒண்ணு கொதிக்குது, ஒண்ணு சில்லுன்னு இருக்குதுங்க, தண்ணியே சுத்தல." அவ்வளவுதான், முடிந்தது ஆராய்ச்சி. ரேடியேட்டரின் அடி ஜாயிண்டில் சன்னமான கசிவு. தண்ணீர் மட்டம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியிருக்கிறது. கிட் மாட்டியவர் ரெட்யூசரை ரேடியேட்டர் மூடியைவிட உயரத்தில், கைக்கு எட்டுகிற இடமாகப் பார்த்து மாட்டியிருந்தார். மட்டம் இறங்கியதும் காற்று போய்த் தங்கியது அந்த உயரத்தில்தான். போதாக்குறைக்கு போர் தண்ணீர் ஊற்றி ஊற்றி ஹோஸுக்குள் உப்பு படிந்திருந்தது. கசிவை அடைத்து, பிராக்கெட்டை ஒரு சாண் கீழே இறக்கி, ஹோஸ் மாற்றி, கூலண்ட் ஊற்றி, காற்றை வெளியேற்றினார். புது ரெட்யூசர் விலையில் கால்வாசிகூட ஆகவில்லை. பிறகு ஒரு தடவைகூட உறையவில்லை.

ஆகவே கேஸில் திணறுகிற வண்டியா, பட்டறைக்குப் போகும் முன் ஆறின இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து மட்டம் பாருங்கள். பிறகு பெட்ரோலில் பத்து நிமிடம் ஓட்டிவிட்டு இரண்டு ஹோஸையும் தொட்டுப் பாருங்கள். இரண்டும் சுட வேண்டும். சூடு ஏறுவதைத் தடுக்கும் இன்னொரு பழக்கமும் நம் ஊரில் உண்டு. வண்டி கொதிக்கக்கூடாது என்று தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி வீசிவிடுவார்கள். கேஸ் வண்டியில் அதைச் செய்ய விடாதீர்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மிக்ஸர் டைப்பில் பிளக்கும் பிளக் ஒயரும் நன்றாக இருக்க வேண்டும். ஸ்பார்க் தப்பினால் கேஸ் பின்னோக்கி வெடித்து பிளாஸ்டிக் ஏர் ஃபில்டர் பாக்ஸ் பிளந்துவிடும். பெட்ரோல் டேங்கை வறள விடாதீர்கள், உள்ளிருக்கும் பம்ப் போய்விடும். காலையில் பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடேறியபின் கேஸுக்கு மாற்றுங்கள். 30 லிட்டர் டேங்கில் 24 லிட்டர்தான் பிடிக்கிறது என்று பங்க்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். திரவம் சூட்டில் விரிய இடம் வேண்டுமென்று மல்டிவால்வ் 80 சதவீதத்தில் நிறுத்திவிடும். 24க்கு மேல் பிடித்தால்தான் பயப்பட வேண்டும். வாடை வந்தால் சோப்பு நுரை, தீக்குச்சி அல்ல. வீட்டு சிலிண்டரிலிருந்து ஏற்றித் தருகிறேன் என்பவனை வாசலோடு அனுப்புங்கள். அது சட்டப்படிக் குற்றம், உயிருக்கும் உலை.

பழைய கேஸ் வண்டி வாங்கப் போகிறவர்கள் காகிதத்தை முதலில் பாருங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுப்படி மாற்றத்தை ஆர்.சி.யில் ஏற்றியிருக்க வேண்டும். பெட்ரோல் என்று மட்டும் இருந்தால், "அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்கிற புரோக்கர் பேச்சை நம்பாதீர்கள். கிட் விவரம் இன்சூரன்ஸ் பாலிசியிலும் இருக்க வேண்டும். டேங்கை 5 வருடத்துக்கு ஒருமுறை டெஸ்ட் செய்ய வேண்டும். அந்தத் தேதியை நீங்களே குனிந்து டேங்கில் படியுங்கள்.

என் பழைய ரெட்யூசரில் கோளாறு எதுவும் இல்லை என்று இப்போது தெரிகிறது. அது அந்த மெக்கானிக்கிடமே தங்கிவிட்டது. கேட்டதற்கு, "ஸ்கிராப்புக்குப் போயிருச்சுங்ணா" என்றார். நீங்கள் எந்தப் பட்டறையில் எந்த பார்ட்டை மாற்றினாலும், பழையதைக் கையில் வாங்கிக்கொண்டு பிறகு பணத்தைக் கொடுங்கள்.