ஸ்பிட்ஃபயர் வாங்கிய மருமகனுக்கு

தரங்கம்பாடி

சிரஞ்சீவி ராகவனுக்கு,

1964 ஆம் வருஷத்து டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் ஒன்றை வாங்கியிருப்பதாகவும், தஞ்சாவூரில் இடம் போதாமையால் அதை நம் பூர்வீக வீட்டுக் கொட்டகையில் விடலாமா என்றும் கேட்டு நீ எழுதிய கடிதம் கிடைத்தது. வண்டி வாங்கியதில் எனக்குப் பரம சந்தோஷம். ஆனால் இங்கே கொண்டுவந்து விடச் சம்மதிக்கமாட்டேன். குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பாகத்தையே விழுங்கிவிட்ட கடல் இது. அலை வந்து தொடவேண்டும் என்பதுகூட இல்லை. இரவெல்லாம் வீசும் உப்புக்காற்று படிந்தாலே, அறுபது வருஷத்துத் தகடு உள்ளிருந்து உளுத்துப்போகும். உள்நாட்டில், காற்றோட்டமுள்ள உலர்ந்த இடமாக ஒன்றை வாடகைக்காவது பிடி.

உன் வண்டியின் வம்சத்தை முதலில் அறிந்துகொள். 1962 அக்டோபரில் லண்டன் கண்காட்சியில் வெளிவந்து 1980 வரை மூன்று லட்சத்துக்கு மேல் உற்பத்தியான ஸ்பிட்ஃபயர் உலகில் அபூர்வமன்று. நம் தேசத்தில்தான் அபூர்வம். ஆனால் அதன் அடிச்சட்டம், இத்தாலியரான மிக்கெலோட்டி உருவம் வகுத்த டிரையம்ஃப் ஹெரால்டின் சட்டத்தை எட்டரை அங்குலம் குறுக்கிச் செய்தது. அந்த ஹெரால்டோ, ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் வண்டலூர்ப் பக்கத்துத் தொழிற்சாலையில் வருஷக்கணக்காக நம்மவர் கையால் உருவாகி, டாக்டர்களையும் மிராசுதார்களையும் சுமந்துகொண்டு இந்த டெல்டா முழுவதும் ஓடியது. ஆகையால் உனக்கு வேண்டிய குரு இங்கிலாந்தில் இல்லை. கும்பகோணத்திலோ மயிலாடுதுறையிலோ அந்நாளில் ஹெரால்டு பழுதுபார்த்த முதிய மெக்கானிக் யாரேனும் இருந்தால், தேடிப்போய் வணங்கி அழைத்து வா. நீயே ஸ்பானரைப் பிடி, அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சொல்லட்டும். அந்த ஞானம் எந்தப் புத்தகத்திலும் முழுதாக ஏறவில்லை. அவர்களுடனேயே அது போய்விடுமே என்பதுதான் எனக்கு உள்ளபடியே கவலை.

பெயின்ட் பளபளப்பையும் குரோமியப் பூச்சையும் கடைசிக்கு வைத்துக்கொள். ஹெரால்டின் பாரத்தைச் சட்டமே தாங்கும். ஸ்பிட்ஃபயரில் பக்கவாட்டுச் சட்டங்கள் இல்லாமையால், கதவுக்குக் கீழே நீளவாட்டில் ஓடும் உள்ளீடற்ற தகட்டுப் பெட்டிகளும் உடம்பைத் தாங்குகின்றன. அவை துருப்பிடித்திருந்தால், கதவு வாயிலுக்குக் குறுக்கே இரும்புக் கம்பி பற்றவைத்துத் தாங்கல் கொடுத்த பிறகே, ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கத்தை வெட்டவேண்டும். இரண்டையும் ஒருசேர வெட்டினால் வண்டி நடுவில் தொய்ந்து கதவுகள் பொருந்தாமல் போகும். துருவின்மேல் பட்டி பூசி மறைக்கும் டிங்கரை வாசற்படி ஏற்றாதே.

அடுத்தது முன்சக்கரம். அதைத் தாங்கும் எஃகுத் தண்டின் மரையுள்ள அடிமுனை, ட்ரன்னியன் என்னும் பித்தளைக் கூட்டுக்குள் திருகி நின்று, ஸ்டியரிங்கைத் திருப்புந்தோறும் அதற்குள்ளேயே திரும்புகிறது. அதற்குக் கிரீஸ் ஆகாது. 90 ஆம் எண் கியர் ஆயில்தான் இடவேண்டும். கிரீஸ் அடித்தால் மரையின் அடிவரைக்கும் இறங்காது. ஈரம் தங்கித் துருவேறி, என்றோ ஒரு நாள் தண்டு முறிந்து சக்கரம் மடங்கிவிடும். நல்லவேளையாக, இந்த வண்டியில் முன்பக்க உடம்பு முழுவதுமே பானெட்டாக முன்னோக்கிச் சாய்வதால், டயர்மேல் உட்கார்ந்தே வேலை பார்க்கலாம். இவ்வளவு தாராளமாகத் தன்னைத் திறந்து காட்டும் யந்திரத்தை நான் வேறு கண்டதில்லை.

பின்னச்சு உன் பொறுமையைச் சோதிக்கும். குறுக்கே கிடக்கும் ஒற்றைப் பட்டை ஸ்பிரிங்கில் தொங்கும் இரண்டு அரை அச்சுகளும் தனித்தனியே ஊசலாடுபவை. தஞ்சாவூர்–கும்பகோணம் பழைய சாலைபோல் வளைந்து நெளியும் பாதையில் வேகமாகத் திரும்பும்போது, பயந்து ஆக்ஸிலேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால், பின்பக்கம் எழும்பி வெளிச்சக்கரம் உள்ளே மடிந்துகொள்ளும், வண்டி சுழன்றுவிடும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துக்கொண்டு, வளைவுக்குள் மெல்லிய மிதியை ஒரே சீராக வைத்துப் போ. நம் நாட்டு வாடிக்கையாளருக்கும் மெக்கானிக்குகளுக்கும் இந்த அமைப்பு பிடிக்காததால்தான், பின்னாளில் வந்த ஸ்டாண்டர்டு கெஸலில் ஒரே திண்ணிய அச்சாக மாற்றினார்கள். அதைப் பார்த்து நீயும் மாற்ற நினையாதே. அதன் சுபாவத்தை அறிந்து ஓட்டப் பழகிக்கொள்.

இப்போதைய பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதம் வரை கலப்பதால், பழைய ரப்பர்க் குழாய்களையும் பம்பின் சவ்வையும் அதைத் தாங்கக்கூடியவையாக மாற்று. ஆர்.சி. புத்தகத்தையும் பழைய நம்பரையும் உயிரோடு வைத்துக்கொள். 50 வருஷத்துக்கு மேற்பட்ட வண்டிகளுக்கென்று 2021 இல் வந்த மத்திய அரசின் விதிப்படி வி.ஏ. வரிசைப் பதிவு பெறலாம். ஆனால் அப்படிப் பெற்றால் கண்காட்சிக்கும் பழைய வண்டிகளின் ஊர்வலத்துக்கும் பெட்ரோல் போடவும் பழுதுபார்க்கவும் எடுக்கலாமே தவிர, அன்றாடம் ஓட்டமுடியாது. ஓடாத வண்டியில் பிரேக் சிலிண்டர் இறுகும், கார்புரேட்டர் அடைத்துக்கொள்ளும். வாரம் ஒருமுறையாவது அது சூடேறும்வரை ஓடவேண்டும்.

இங்கே வருவதானால் பங்குனியில் வா. தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்து தார்ச்சாலையிலேயே வைக்கோலைப் பரப்பியிருப்பார்கள். தரையோடு தாழ்ந்த உன் வண்டியின் அடியில் அது சுற்றிக்கொண்டு, சூடான புகைக்குழாயில் பட்டால் பற்றிக்கொள்ளும். இரண்டு நாளுக்குமேல் வண்டியை இங்கே நிறுத்தாதே. ஊர் திரும்பிய அன்றே அடிப்பாகம் முழுவதையும் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவி, வெயிலில் காயவிட்டுக் கொட்டகையில் ஏற்று.

இப்படிக்கு,
உன் மாமா