கையெழுத்து உன்னுடையது

ஹேர்னிங்,
டென்மார்க்.

அன்புள்ள பெறாமகளுக்கு,

உள்ளூராட்சியான கொம்மூனில் குழந்தைகள் நலப் பிரிவில் உனக்கு வேலை கிடைத்ததாக அப்பா சொன்னார். மிக்க சந்தோஷம். கோப்போடு, பிள்ளைக்கு எவ்வளவு ஆபத்து என்று கணினி போட்ட புள்ளியும் சேர்ந்து மேசைக்கு வரக்கூடிய காலம் இது. அதனால் பள்ளியில் நீ படித்த ஒரு கதையை மறுபடி எடுத்துப் படி: ஆண்டர்சன் 1843இல் எழுதிய இராக்குயில் கதை.

சீனச் சக்கரவர்த்திக்கு இரத்தினம் பதித்த இயந்திரப் பறவை ஒன்று வருகிறது. முடுக்கிவிட்டால் ஒரே பாட்டை 33 தரம் களைக்காமல் பாடும். உயிர்க்குயில் அடுத்து என்ன பாடுமோ தெரியாது, இதில் எல்லாம் முன்பே தீர்மானமானது என்று அரண்மனைச் சங்கீத வித்துவான் மெச்சுகிறார். 25 பாகத்தில் புத்தகமும் எழுதுகிறார். விளங்கவில்லை என்றால் மடையர் என்பார்களே என்று பயந்து, எல்லோரும் விளங்கியதாகவே சொல்லிக்கொள்கிறார்கள். ஏதோ குறைகிறது என்றவர்கள் அசல் குயிலைக் கேட்டுப் பழகிய ஏழை மீனவர்கள்தான்.

கொப்பன்ஹேகனுக்குப் பக்கத்திலுள்ள கிளாட்சாக்ஸ கொம்மூன் 2018 வாக்கில் இப்படியொரு பறவையைச் செய்யப் பார்த்தது. பிரச்சினை முற்றுமுன் ஆபத்திலுள்ள பிள்ளைகளைக் கண்டுபிடிக்க வேண்டும், நல்ல நோக்கம்தான். தாய் தகப்பனுக்கு மனநோய் என்றால் 3000 புள்ளி, வைத்தியரிடம் குறித்த நாளில் போகாவிட்டால் 1000, வேலையில்லை என்றால் 500, பல் வைத்தியரிடம் போகத் தவறினால் 300. எதிர்ப்புக் கிளம்பித் திட்டம் கைவிடப்பட்டது.

அந்த 300ஐ மட்டும் பார். தகப்பனுக்கு இரவு வேலையாக இருந்திருக்கும். டெனிஷில் வந்த கடிதம் தாய்க்கு விளங்காமல் போயிருக்கும். அந்த வீட்டில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்த ஆளுக்குத்தான் இது தெரியும். கதையிலும் குயில் இருக்கும் இடம் பிரபுக்களுக்குத் தெரியாது. மிச்சச் சாப்பாட்டை நோயாளித் தாய்க்குக் கொண்டுபோகும் சமையலறைச் சிறுமிக்குத் தெரிந்திருந்தது.

அதற்காக, மனிதர் முடிவெடுத்தால் நியாயம் நடந்துவிடும் என்றும் நம்பாதே. 1987இல் நீதியமைச்சர் எரிக் நின்-ஹன்சன் எங்கள் ஆட்களின், இலங்கைத் தமிழ் அகதிகளின், குடும்ப இணைவு விண்ணப்பங்களைச் சட்டத்துக்கு மாறாகக் கிடப்பில் போட வைத்தார். மனைவி பிள்ளைகள் யுத்தத்துக்குள் காத்துக் கிடந்தார்கள். அதற்கு எந்தக் கணினியும் தேவைப்படவில்லை. ஆனால் ஒம்புட்ஸ்மன் விசாரித்தார். நீதி விசாரணையும் நடந்து, யார் சொல்லி நடந்தது என்பது வெளிவந்தது. அதனால் 1993இல் பிரதமர் ஷ்லூட்டரின் அரசு பதவி விலகியது. 1995இல் நின்-ஹன்சனுக்கு நான்கு மாத ஒத்திவைத்த சிறைத்தண்டனை. பொறுப்புச் சொல்ல ஓர் ஆள் இருந்தார். ‘கணினி சொன்னது’ என்று எல்லோரும் கைகழுவினால் யாரைக் கூண்டில் ஏற்றுவது?

இயந்திரத்தைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. சாகக் கிடந்த சக்கரவர்த்தியைப் பாடி மீட்ட குயிலே, இயந்திரப் பறவையை உடைக்க வேண்டாம், இயன்றதை அது செய்தது என்கிறது. நீ முதலில் கோப்பைப் படித்து உன் அபிப்பிராயத்தை எழுதி வை. பிறகு புள்ளியைப் பார். இரண்டும் முரண்பட்டால் அந்த வீட்டுக்கு நேரில் போ. புள்ளியோடு ஒத்துப்போனாலும் காரணத்தை எழுதித்தான் கையெழுத்துப் போட வேண்டும். ‘புள்ளி அதிகம்’ என்பது காரணமே அல்ல. என் பிள்ளையை ஏன் பிரிக்கிறீர்கள் என்று ஒரு தாய் கேட்டால், அவளுக்கு விளங்கும்படி உன் வாயால் பதில் சொல்ல முடிய வேண்டும். முடியாது என்றால் அந்தக் கோப்பில் கையெழுத்துப் போடாதே.

அன்புடன்,
பெரியப்பா