குழாய்ச் சத்தமும் கிட்டங்கிச் சரக்கும்

கீழே கடை, பின்கட்டில் கிட்டங்கி, மச்சில் குடும்பம். இந்த அமைப்பைத் திருநெல்வேலி டவுன் ரத வீதிகளிலும் பாளையங்கோட்டை, மேலப்பாளையம், அம்பாசமுத்திரம், ஸ்ரீவைகுண்டம் கடைத்தெருக்களிலும் இன்றும் காண்கிறோம். மச்சுக் குளியலறையின் குழாய் எந்தச் சுவர் வழியாக இறங்குகிறதோ, பெரும்பாலும் அந்தச் சுவரை ஒட்டித்தான் பருப்புச் சிப்பமும் சீனி மூட்டையும் அடுக்கி வைத்திருக்கிறோம். ஆகவே, குழாய் 'டம்' என்று அதிர்ந்தால் அதைத் தூக்கம் கெடுக்கும் தொல்லை என்று மட்டும் நாம் நினைத்துவிடக் கூடாது. அதிரும் குழாயில் முதலில் தளர்வது இணைப்புகள். இணைப்பு விட்டுப்போவது, கடையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிய பிறகாக இருந்தால், விடியும்போது சரக்கு நனைந்திருக்கும். நனைந்த துவரம் பருப்பையும் இளகிய கருப்பட்டியையும் எந்த விலைக்குத் தள்ள முடியும் என்பது நம் வணிகப் பெருமக்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

குழாய்ச் சத்தம் முன்கூட்டி வரும் எச்சரிக்கை. அதன் காரணத்தைக் கண்டுபிடிக்கவும் எளிய வழி உண்டு. சத்தம் எங்கே கேட்கிறது என்று தேடுவதைவிட, எப்போது கேட்கிறது என்று கவனித்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

ஓடும் தண்ணீருக்கும் எடை உண்டு

பாரம் ஏற்றிய லாரி சட்டென்று பிரேக் போட்டால் மூட்டைகள் முன்னால் சரிகின்றன. குழாய்க்குள்ளும் இதுவே நடக்கிறது. முக்கால் அங்குலக் குழாய் 15 மீட்டர் நீளம் ஓடினால், உள்ளே ஏறத்தாழ 5 லிட்டர், அதாவது 5 கிலோ தண்ணீர் இருக்கும். ஓடிக்கொண்டிருக்கும் அந்த 5 கிலோவைத் திடீரென்று நிறுத்தினால் அது குழாயின் முனையில் மோதும். அந்த மோதல் குழாய் நெடுகிலும் முன்னும் பின்னும் ஓடும். இதற்கு 'நீர்ச் சம்மட்டி' என்று பெயர்.

நிக்கோலாய் ஜூக்கோவ்ஸ்கி என்ற ரஷ்ய அறிஞர் 1897, 1898 ஆண்டுகளில் மாஸ்கோ நகரக் குடிநீர்க் குழாய்களை வைத்து இதை ஆராய்ந்து கணக்கிட்டார். அந்தக் கணக்கின்படி, வினாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடும் நீரை இரும்புக் குழாயில் நொடிப்பொழுதில் அடைத்தால், சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 13 கிலோ அழுத்தம் கூடுதலாக எழும். 10 மீட்டர் உயரத்திலுள்ள தொட்டி தரும் அழுத்தமோ 1 கிலோதான். பி.வி.சி. குழாய் சற்றே விரிந்து கொடுப்பதால் அதில் அடி 4, 5 கிலோ அளவுக்குக் குறையும். கையால் மெதுவாக மூடும்போது இந்த முழு அடியும் விழுவதில்லை. மூடும் நேரம் கூடக் கூட அடி குறையும். 1944 முதல் இயங்கிவரும் பாபநாசம் போன்ற நீர்மின் நிலையங்களிலும் பெருங்குழாயின் நீரை ஒரேயடியாக அடைக்காமல் படிப்படியாகத்தான் நிறுத்துவார்கள். நம் வீட்டுக் குழாய்க்கும் அதே பாடம்தான்.

சத்தம் எப்போது வருகிறது?

1. குழாயை மூடிய உடனே 'டம்' என்றால் அது நீர்ச் சம்மட்டி. பல சுற்றுத் திருகி மூடும் பழைய குழாயில் இது குறைவு. கால் சுற்றில் மூடும் புதுக் குழாய்களிலும், தானாகத் தண்ணீரை அடைக்கும் சலவை இயந்திரத்திலும் அதிகம். பிரஷர் பம்ப் வைத்த வீட்டில் இன்னும் அதிகம். முதலில் குழாயை நிதானமாக மூடப் பழக வேண்டும். பிறகு பம்பின் அழுத்தத்தைத் தேவையான அளவுக்குக் குறைத்து வைக்கச் சொல்ல வேண்டும். அப்படியும் நிற்காவிட்டால், சத்தம் போடும் குழாய்க்கு அருகில் ஓர் அடி, ஒன்றரை அடி உயரத்துக்கு மேல்நோக்கி ஒரு துண்டுக் குழாய் வைத்து நுனியை மூடிவிடலாம். அதிலுள்ள காற்று மெத்தைபோல் அடியை வாங்கிக்கொள்ளும். நாளடைவில் அந்தக் காற்று தண்ணீரில் கரைந்து போகும். அப்போது தொட்டி வால்வை அடைத்து, மேல் குழாயையும் அடிக் குழாயையும் திறந்து நீரை முழுவதும் வடித்துவிட்டால் மறுபடி காற்று நிறையும். சுருள் வில்லும் பிஸ்டனும் வைத்த அதிர்வு தாங்கி என்றால் இந்த வேலை இல்லை.

2. மோட்டாரை நிறுத்தியதும் ஒரே ஓர் அடி கேட்டால் மேலேறிய தண்ணீர் திரும்பி இறங்குகிறது என்று பொருள். அப்போது நான்-ரிட்டர்ன் வால்வின் கதவு தாமதமாகச் சாத்திக்கொள்வதுதான் அந்தச் சத்தம். தண்ணீர் திரும்புவதற்கு முன்பே மூடிக்கொள்ளும் சுருள் வில் வால்வாக மாற்றினால் பெரும்பாலும் நின்றுவிடும்.

3. குழாயைப் பாதி திறந்தால் 'கொர்' என்று அதிர்ந்து, முழுதும் திறந்தால் நிற்கிறது என்றால் உள்ளே வாஷர் தேய்ந்தோ தளர்ந்தோ ஆடுகிறது. சில ரூபாய் வாஷரில் தீர்ந்து போகும் கோளாறு இது. கேட் வால்வைப் பாதி மூடி வைத்தாலும் அதன் தகடு ஆடிச் சத்தம் போடும். கேட் வால்வு ஒன்று முழுதும் திறந்திருக்க வேண்டும், அல்லது முழுதும் மூடியிருக்க வேண்டும்.

4. தொட்டி நிரம்பும் தறுவாயில் ஊளைச் சத்தம் வந்தால் மிதவை வால்வைப் பார்க்க வேண்டும். விழும் தண்ணீரில் எழும் அலை மிதவையை ஆட்டுகிறது. அதனால் வால்வு திறந்து திறந்து மூடுகிறது. வாஷரை மாற்றி, மிதவையின் கம்பியை இறுக்கி, அலை படாத மூலைக்கு மிதவையை நகர்த்தினால் அடங்கும்.

5. வெந்நீர் வரும்போதும் ஆறும்போதும் 'டிக் டிக்' என்றால் குழாய் நீள்கிறது, சுருங்குகிறது. வெந்நீருக்குப் போடும் சி.பி.வி.சி. குழாய் 10 மீட்டர் நீளம் இருந்து 30 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் நீளும். இரும்புக் குழாய் அரை சென்டிமீட்டர்கூட நீளாது. ஆகவே வெந்நீர்க் குழாயின் கிளாம்பு குழாயைத் தாங்க வேண்டுமே தவிர நெரிக்கக் கூடாது. சுவரைத் துளைத்துச் செல்லும் இடத்தில் சுற்றிலும் சிறிது இடைவெளி விட வேண்டும்.

6. மோட்டார் ஓடும் நேரமெல்லாம் அதிர்ந்தால் அடிப்பகுதி போல்ட்டை இறுக்கி, கீழே கெட்டி ரப்பர் வைக்க வேண்டும். மோட்டாருக்குள் சரளைக்கல் உருள்வதுபோல் கேட்டால் உறிஞ்சும் குழாயில் அடைப்பு உண்டு, அல்லது தண்ணீர் போதவில்லை. உடனே நிறுத்திவிட வேண்டும். தொடர்ந்து ஓட்டினால் உள்சக்கரம் அரித்துப் போகும்.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவான மருந்து கிளாம்பு. பிளாஸ்டிக் குழாய்க்கு 3 அடிக்கு ஒன்று, இரும்புக் குழாய்க்கு 6 அடிக்கு ஒன்று, திருப்பங்களின் அருகில் கூடுதலாக ஒன்று என்று போட்டால் அடி விழுந்தாலும் குழாய் சுவரில் மோதாது.

காற்றுக்கு வழி விட வேண்டும்

வல்லநாட்டிலிருந்து தூத்துக்குடிக்குத் தாமிரபரணித் தண்ணீர் செல்கிறது. இத்தகைய நெடுந்தூரக் குழாய்களில் மேடான இடங்களில் ஏர் வால்வு வைப்பார்கள். குழாய்க்குள் சிக்கும் காற்று வெளியேற அது வழி. நம் வீட்டிலும் தொட்டியைக் கழுவிய பிறகோ, தண்ணீர் வற்றி மறுபடி ஏற்றிய பிறகோ, குழாய் 'புஸ்' என்று துப்பினால் உள்ளே காற்று சிக்கியிருக்கிறது. தட்டட்டித் தொட்டியிலிருந்து இறங்கும் குழாயில், வால்வை அடுத்து மேல்நோக்கி ஒரு காற்றுக் குழாய் வைத்து, தொட்டியின் நீர்மட்டத்துக்கு மேலே அதன் வாயைத் திறந்து விட்டால் போதும். சிறு வேலைதான். வீடு கட்டும்போதே பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

ஆழ்துளைக் கிணற்று உப்புநீர் ஓடும் பழைய இரும்புக் குழாய்களில் உட்புறம் காரை படிந்து வழி சுருங்கிவிடும். சுருங்கிய வழியில் தண்ணீர் வேகமெடுத்து இரைச்சல் போடும். அதற்கு வாஷரும் கிளாம்பும் உதவா. குழாயையே மாற்ற வேண்டியதுதான்.

செய்யக் கூடாதவை

சத்தம் வரும் இடத்தைச் சிமெண்டு பூசி மூடிவிடுவது நம்மிடையே உள்ள ஒரு வழக்கம். இதனால் சத்தம் மட்டுப்படலாம். அதிர்வு நிற்பதில்லை. பிறகு வரும் கசிவும் கண்ணில் படாமல் சுவருக்குள்ளேயே ஊறும். பொதுக் குடிநீர் இணைப்பில் நேரடியாக மோட்டாரைப் பொருத்துவதும் கூடாது. அது விதிக்குப் புறம்பானது. உறிஞ்சும் வேகத்தில் தெருக் குழாயின் விரிசல் வழியாகச் சாக்கடை நீர் குடிநீரில் கலக்கவும் இடமுண்டு. தரைத் தொட்டியில் தண்ணீரை விழவிட்டு அங்கிருந்து ஏற்றுவதே முறை.

கிட்டங்கிக்குக் காப்பு

மாதம் ஒருமுறை இரவில் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டுத் தொட்டியின் நீர்மட்டத்தைக் குறித்து வைத்து, காலையில் பார்க்கலாம். மட்டம் இறங்கியிருந்தால் எங்கோ கசிகிறது. யாரும் குழாயைத் திறக்காதபோதும் பிரஷர் பம்ப் தானாக ஓடி ஓடி நிற்குமானால் அதுவும் கசிவின் அடையாளமே. இரவில் மச்சில் யாரும் தங்காத கட்டிடமாக இருந்தால், கடை பூட்டும்போதே தொட்டி வால்வையும் அடைத்துவிடுவது நல்லது.

மூட்டைகளைத் தரையில் போடாமல் பலகையின் மேல் அடுக்க வேண்டும். குழாய் இறங்கும் சுவரிலிருந்து ஒன்றரை அடியாவது தள்ளி அடுக்கினால், ஈரம் கண்ணுக்குத் தெரியும், சரக்குக்கும் எட்டாது. சீனியும் உப்பும் அந்தச் சுவர்ப் பக்கமே வேண்டாம்.

காப்பீட்டையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா பாலிசி, ஓரிடத்தில் 5 கோடி ரூபாய் வரை சொத்து மதிப்புள்ள சிறு தொழில்களுக்கானது. தண்ணீர்த் தொட்டியோ குழாயோ உடைந்தும் வழிந்தும் ஏற்படும் சேதம் அதில் ஈடு கேட்கக்கூடிய காரணங்களில் ஒன்று. ஆனால், திடீரென உடைவது வேறு, நாள்பட்ட கசிவு வேறு. நம் பாலிசியில் சரக்கும் சேர்ந்திருக்கிறதா, எந்தச் சேதத்துக்கு விலக்கு என்பதை முகவரிடம் வாய்வார்த்தையாகக் கேட்பதோடு நிறுத்தாமல், எழுத்தைப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

தராசு முள் ஒரு நூல் சாய்ந்தால் கண்டுபிடித்துவிடும் கண் நமக்கு உண்டு. அந்தக் கவனத்தில் கொஞ்சம் குழாய்க்கும் செலவிடுவோம். பிளம்பரைக் கூப்பிடும்போது 'குழாய் சத்தம் போடுகிறது' என்று மட்டும் சொல்லாமல், மூடும்போதா, மோட்டார் நிற்கும்போதா, வெந்நீர் வரும்போதா என்று நேரத்தைக் குறித்துச் சொல்வோம். கூலியும் மிச்சம், சுவரை உடைப்பதும் மிச்சம், சரக்கும் மிச்சம்.