களஞ்சியப் பூனைகளின் முதுமைக் கால வியாதிகள்

நெல்லும் பயறும் சேமித்து வைக்கும் குடியானவர் வீட்டில் பூனையும் ஒரு வேலைக்காரப் பிராணியேயாகும். பத்தாயத்தையும் விதைக்கோட்டையையும் எலியினின்று காப்பதில் அதன் உதவி சிறிதன்று. ஆயினும் காளைக்கு நோய் கண்டால் உடனே வைத்தியரை நாடும் நாம், பூனை மெலிந்தால் "கிழமாகிவிட்டது" என்று கூறி வாளாவிருந்துவிடுகிறோம். முதுமை வேறு, வியாதி வேறு. கிழப்பூனை இளைப்பதற்குப் பெரும்பாலும் ஒரு நோயே காரணம். அந்நோய்களுட் பல மருந்தால் தணியக்கூடியவை.

வயதும் எடையும்

மனிதர் வயதோடு ஒப்பிட்டால், 10 வயதுப் பூனை ஏறக்குறைய 56 வயதினரையும், 15 வயதுப் பூனை 76 வயதினரையும் ஒக்கும். பூனை தன் வலியை மறைக்கும் இயல்புடையதாகையால், பார்வையால் மட்டும் அதன் நோயை அறிதல் அரிது. எடையே நம்பத்தக்க சாட்சி. 10 வயதைக் கடந்த பூனையை மாதம் ஒருமுறை மூடியுள்ள கூடையிலிட்டுத் தராசில் நிறுத்து, கூடையின் எடையைக் கழித்து, கணக்குப் புத்தகத்தில் குறித்து வருதல் வேண்டும். 4 கிலோ எடையுள்ள பூனை 400 கிராம் குறைவது, 60 கிலோ எடையுள்ள மனிதர் 6 கிலோ இளைப்பதற்குச் சமமாகும். இரண்டு மாதங்கள் தொடர்ந்து எடை குறைந்தால், அதற்கு மேல் காத்திராமல் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு செல்க.

குறிகளும் அவற்றின் காரணங்களும்

1. மிகுந்த தாகமும் மிகுந்த சிறுநீரும்: கிழப்பூனைகளிடம் மிகுதியாகக் காணப்படுவது சிறுநீரக நோய். சிறுநீரகத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பழுதான பின்னரே இக்குறி வெளிப்படும். இதை முற்றிலும் மாற்ற இயலாது. ஆயினும் காலத்தில் அறிந்து, எப்பொழுதும் நல்ல தண்ணீர் வைத்து, வைத்தியர் கூறும் உணவு முறையைப் பின்பற்றினால் பூனை பின்னும் பல காலம் வாழக்கூடும். நீரிழிவும் இதே குறியைக் காட்டும். அதற்கு இன்சுலின் ஊசி உண்டு. இரத்தமும் சிறுநீரும் சோதித்தே இரண்டையும் பிரித்தறியலாம்.

2. நன்றாகத் தின்றும் இளைத்தல்: கழுத்திலுள்ள தைராய்டுச் சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்வதால் இது நேரலாம். பூனை அமைதியின்றித் திரியும், இரவில் கத்தும், இதயம் படபடக்கும். 1979-ம் ஆண்டில்தான் இந்நோய் பூனைகளிடம் முதன்முதல் விவரிக்கப்பட்டது. நாள்தோறும் கொடுக்கும் மாத்திரையால் இதை அடக்கலாம். குடற்புழுவாலும் நீரிழிவாலும் இக்குறி தோன்றுமாதலால் சோதனை அவசியம்.

3. உணவருகே வந்து தின்னாமல் திரும்புதல்: பசியிருந்தும் வாய் வலியால் தின்ன முடியவில்லை என்பதே இதன் பொருள். ஈறு வீக்கம், பல் வேரருகே அரிப்பு, வாய் நாற்றம், எச்சில் ஒழுகுதல் ஆகியவற்றைப் பார்க்க. கெட்ட பல்லை வைத்தியர் எடுத்துவிட்டால், பல பூனைகள் விரைவில் பழையபடி தின்னத் தொடங்கும்.

4. மேலே ஏறாமை: 2002-ம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆராய்ச்சியில், 12 வயதைக் கடந்த 100 பூனைகளின் எக்ஸ்ரே படங்களைப் பார்த்ததில் 90 பூனைகளுக்கு மூட்டுத் தேய்வு காணப்பட்டது. பத்தாயத்தின் மேல் தாவாத பூனையைச் சோம்பேறி என்று தள்ளுதல் முறையன்று. ஏறுமிடத்தில் ஒரு பெட்டியைப் படியாக வைத்து, படுக்கக் காய்ந்த சாக்கு இடுக.

5. திடீரெனப் பார்வை இழத்தல்: கண்மணி அகன்று, பூனை சுவரில் முட்டினால், அது இரத்த அழுத்தத்தால் நேர்ந்ததாயிருக்கலாம். அன்றே வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும்.

ஒரு நாள் முழுதும் உணவு கொள்ளாவிடினும் வைத்தியரிடம் காட்டுக. கொழுத்த பூனை சில நாள் பட்டினி கிடந்தால் ஈரலிற் கொழுப்பேறி உயிருக்கு ஆபத்து நேரும். ஆண் பூனை முக்கியும் சிறுநீர் வாராதிருத்தல் அதனினும் அவசரம். ஒரு நாளும் தாமதிக்கலாகாது.

உணவு

"சோறு போட்டால் எலி பிடிக்காது" என்பது தவறான எண்ணம். தின்று தேறிய பூனையும் வேட்டையாடும். ஆனால் தயிர்ச்சோறு மட்டும் போதாது. டாரின் என்னும் சத்தைப் பூனையின் உடல் போதிய அளவு உண்டாக்கமாட்டாது. அது மீன், இறைச்சி ஆகியவற்றில்தான் கிடைக்கும். அது குறைந்தால் கண்ணும் இதயமும் கெடும். பல் போன பூனைக்கு வேகவைத்த மீனை முள் நீக்கி மசித்துக் கொடுக்க.

செய்யத்தகாதவை

மனிதர் உண்ணும் பாரசிட்டமால் பூனைக்கு நஞ்சு. அதை முறிக்கும் ஆற்றல் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவாதலால் ஒரே மாத்திரையால் இறந்துபோகும். மாட்டு உண்ணிக்குப் பூசும் சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் முதலிய மருந்துகளைப் பூனைமேல் தடவலாகாது. எலி மருந்து வைத்த வீட்டில், நஞ்சுண்டு தள்ளாடும் எலி ஓட்டம் குறைந்த கிழப்பூனைக்கே எளிதில் அகப்படும். ஆகையால் செத்த எலிகளை நாள்தோறும் தேடியெடுத்துப் புதைத்துவிடுதல் வேண்டும். அந்நாட்களில் பூனையை அடைத்து வைத்துத் தீனி கொடுப்பது நலம்.

கிராம அதிகாரிகள் கவனத்துக்கு

கிழப்பூனையைச் சாக்கிலிட்டுச் சந்தையிலோ ஆற்றங்கரையிலோ விட்டுவரும் வழக்கம் சில இடங்களில் உண்டு. பசியாலும் தாகத்தாலும் துன்புறும் நிலையில் ஒரு பிராணியைத் தக்க காரணமின்றிக் கைவிடுதல் 1960-ம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் 11-ம் பிரிவின்படி குற்றமாகும். இதனைக் குடிகளுக்கு எடுத்துரைப்பது நன்று.

மேலும், சாதுவான பூனை திடீரென்று சீறிக் கடித்தால் அதை வயதின் கோபமென்று எண்ணி விடலாகாது, வெறிநோயாகவும் இருக்கலாம். கடிபட்ட இடத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிஷம் கழுவி, அன்றே அரசாங்க ஆஸ்பத்திரிக்குச் சென்று ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். வயது எதுவாயினும் பூனைக்கு வெறிநோய்த் தடுப்பூசியை வைத்தியர் கூறும் தவணைப்படி போட்டு வருதல் வீட்டாருக்கும் பாதுகாப்பு.

பத்து ஆண்டுகள் நம் தானியத்தைக் காத்த பிராணிக்கு மாதம் ஒருமுறை தராசு பிடிப்பது பெரிய சிரமமன்று. இம்மாதமே முதல் எடையைக் குறித்து வைப்பீர்களாக.